தாத்தா விட்டுப்போன சீனச் செதுக்குப் பெட்டி: வயதைக் கண்டறிவது எப்படி?

மலாயாவிலோ சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ வாழ்ந்து திரும்பிய உறவினர் ஒருவர் வழியாக, பாய்மரக் கப்பலும் மூங்கிலும் செதுக்கிய பெட்டி ஒன்றோ, முதுகுச் சாய்வில் சலவைக்கல் பதித்த கருநிற நாற்காலி ஒன்றோ உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கலாம். பொருளோடு ஒரு கதையும் வந்திருக்கும். "இருநூறு வருஷத்துப் பொருள்", "சீன ராஜா அரண்மனையில் இருந்தது" என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கதையை அவமதிக்க வேண்டியதில்லை, ஆனால் அதை அப்படியே நம்பி விலை பேசவோ, அதை அப்படியே மறுத்துப் பழைய சாமான் கடையில் போடவோ கூடாது. மரச்சாமானைக் கேட்கத் தெரிந்தால் அது தன் வயதைத் தானே சொல்லும். எப்படிக் கேட்பது என்பதை, இதில் முன்பழக்கம் இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்கும்போதே ஒரு விதியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் வயதை அதிலுள்ள மிகப் பழைய அடையாளம் தீர்மானிப்பதில்லை. செய்த நாளிலிருந்தே அதில் இருக்கும் மிகப் புதிய அடையாளம்தான் தீர்மானிக்கிறது. டிராகனும் வௌவாலும் பல நூற்றாண்டுகளாக ஒரே மாதிரியாகச் செதுக்கப்பட்டு வருபவை. அவற்றை வைத்து மிங் அரச காலம் (1368–1644) என்றோ சிங் அரச காலம் (1644–1912) என்றோ சொல்லிவிட முடியாது. ஆனால் அடியில் இருக்கும் பிளைவுட் பலகை, அது பின்னால் மாற்றப்பட்டதல்ல என்றால், அந்தப் பொருளை இருபதாம் நூற்றாண்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடும். அதனால்தான் செதுக்கு வேலையைக் கடைசியாகப் பாருங்கள் என்று சொல்கிறேன்.

துடைப்பதற்கு முன்

பொருள் வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் தோன்றும் முதல் எண்ணம், அதைச் சுத்தம் செய்து பாலிஷ் போட வேண்டும் என்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என் பெரியம்மா வீட்டில் பினாங்கிலிருந்து வந்த ஒரு சிறு அலமாரி இருந்தது. அதன் பின்பலகையில் தூரிகையால் எழுதிய நான்கைந்து சீன எழுத்துகள் இருந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பிற்பாடு அதைப் புதுப்பிக்கக் கொடுத்தபோது, நல்லெண்ணத்தோடுதான், உள்ளும் புறமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கருநிற வார்னிஷ் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பட்டறையின் அடையாளமோ, முதல் உரிமையாளரின் பெயரோ, எதுவாக இருந்ததோ அது போயிற்று. உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, பகல் வெளிச்சத்தில் நாற்புறமும், அடியும், உள்ளும், இழுப்பறைகளை வெளியே எடுத்தும் படம் எடுங்கள். பிறகு குடும்பத்தில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். "எவ்வளவு பழையது?" என்று கேட்டால் ஊகம்தான் கிடைக்கும். யார் வாங்கினார், எந்த ஊரில் வேலை பார்த்தார், எந்த ஆண்டு கப்பலேறித் திரும்பினார், அப்போதே அது வீட்டில் இருந்ததா, அதன் அருகே யாராவது நின்று எடுத்த பழைய புகைப்படம் உண்டா என்று கேளுங்கள். வேறு எந்தச் சான்றையும்விட, தேதி தெரிந்த ஒரு திருமணப் புகைப்படத்தின் மூலையில் தெரியும் நாற்காலிக்கால் உறுதியான சான்று.

வடிவம் யாருக்காகச் செய்யப்பட்டது?

இரண்டடி தள்ளி நின்று, இந்தப் பொருள் சீன வீட்டுக்காகச் செய்யப்பட்டதா, வெளிநாட்டார் வீட்டுக்காகச் செய்யப்பட்டதா என்று பாருங்கள். சீன வீடுகளில் உடைகளை மடித்துத்தான் வைத்தார்கள். ஆகவே பழைய அலமாரியில் தட்டுகள் இருக்கும். கோட்டுகளைத் தொங்கவிடும் கம்பி முதலிலிருந்தே இருந்தால் அது மேற்கத்திய வழக்கத்தைத் தழுவிய, பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பொருள். சோபாவுக்கு முன்னால் போடும் தாழ்ந்த மேசை, மதுப்புட்டிகள் வைக்கும் அலமாரி, இருபுறமும் இழுப்பறை கொண்ட எழுதுமேசை ஆகியவையும் அப்படியே. ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும்: வடசீனாவில் செங்கல்லால் கட்டி அடியில் தீமூட்டிச் சூடாக்கும் 'காங்' என்ற மேடையின் மேல் வைப்பதற்குத் தாழ்ந்த மேசைகளைப் பழங்காலத்திலிருந்தே செய்தார்கள். உயரம் குறைவு என்பதற்காக மட்டும் ஒன்றைப் புதியது என்று தள்ளிவிடாதீர்கள்.

ஏற்றுமதிக்கென்றே மரச்சாமான் செய்வது சீனாவுக்குப் புதிதல்ல. 1757 முதல் 1842 வரை மேற்கத்திய வணிகர்களுக்குத் திறந்திருந்த ஒரே துறைமுகம் குவாங்சோ, அதாவது அன்றைய கேன்டன். 1842-இல் கையெழுத்தான நான்கிங் உடன்படிக்கைக்குப் பிறகு ஷாங்காய், நிங்போ, ஃபூசோ, ஷியாமென் ஆகிய துறைமுகங்களும் திறந்தன. கனத்த சட்டங்களும், இடைவெளியே இல்லாமல் நிறைந்த ஆழமான செதுக்கும், சலவைக்கல்லும் முத்துச்சிப்பியும் பதித்த வேலையும் கேன்டன் பட்டறைகளின் சாயல். எலும்பைச் சிறுசிறு உருவங்களாக வெட்டி மரத்தில் பதித்திருந்தால் நிங்போவை நினைக்கலாம். நம் உறவினர்கள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீன அண்டை வீட்டாரிடமிருந்தோ ஏலத்திலோ வாங்கிய கருநிற நாற்காலிகளில் பல இந்தக் கேன்டன் மரபைச் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியும் இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளும் அவற்றுக்குப் பொதுவாகப் பொருந்தும் காலம். நாற்காலியில் பதித்த சலவைக்கல்லில் மலையும் மேகமும் போன்ற இயற்கை வரிகள் தெரிந்தால் அதைச் சற்று நின்று பாருங்கள். யுன்னான் மாநிலத்து தாலி என்ற ஊர் அத்தகைய கல்லுக்குப் பேர்பெற்றது. சீன மொழியில் சலவைக்கல்லுக்கே 'தாலிக் கல்' என்றுதான் பெயர்.

கவிழ்த்துப் பாருங்கள்

முழு ஆய்விலும் இதுவே முக்கியமான படி. இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இருவராகச் சேர்ந்து, தரையில் கம்பளியை விரித்து, பொருளைக் கவிழ்த்துங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல், பலகையோடு ஒட்டிப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். அப்போதுதான் மேடு பள்ளங்கள் நிழலாக எழும்பும்.

முதலில் இணைப்புகள். சீனத் தச்சர் ஆணியையும் திருகாணியையும் நம்பிப் பொருள் செய்தவரல்லர். ஒரு மரத்தின் நுனியில் செதுக்கிய கழுந்தை இன்னொரு மரத்தின் துளைக்குள் செருகிப் பூட்டுவதே அவருடைய முறை. மேசைப் பரப்பையோ அலமாரிக் கதவையோ செய்யும்போது, நான்கு சட்டங்களை மூலைகளில் சாய்வாக இணைத்து, உட்புறம் காடி, அதாவது நீண்ட பள்ளம், வெட்டி, நடுப்பலகையைப் பசையில்லாமல் அந்தக் காடிக்குள் மிதக்கவிடுவார். மழைக்காலத்தில் பலகை பருத்தாலும் கோடையில் சுருங்கினாலும் சட்டம் பிளக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பலகையின் அடியில் குறுக்காக ஒரு தாங்குகட்டை, வால்வடிவக் காடியில் நுழைந்திருக்கும். இவையெல்லாம் ஒழுங்காக இருந்தால் பொருள் மரபறிந்த கையால் செய்யப்பட்டது என்று அறியலாம். ஆனால் இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது; ஆகவே இது தரத்துக்குச் சான்று, வயதுக்குச் சான்றன்று. இதற்கு மாறாக, பலகைகளை முட்டவைத்துப் பசை போட்டு, மூலைகளில் முக்கோணக் கட்டையைத் திருகாணியால் முடுக்கியிருந்தால், அது அவசரமாகச் செய்த ஏற்றுமதிப் பொருள்.

சுருங்கிய பலகை இன்னொரு செய்தியையும் தரும். மிதக்கும் பலகை பல ஆண்டுகளில் குறுக்குவாட்டில் சுருங்கும்போது, காடிக்குள் மறைந்திருந்த ஓரம் வெளியே வரும்; அங்கே ஒரு மெல்லிய வெளிறிய கோடு, சாயமோ மெழுகோ படாமல், சட்டத்தை ஒட்டி ஓடும். வட்டமேசையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். ஒரே துண்டு மரப்பலகைகளால் ஆன பழைய வட்டம் மரத்தின் இழைக்குக் குறுக்கே சற்றே குறைந்து, மிக நுண்ணிய நீள்வட்டமாகியிருக்கும்.

அடுத்து ரம்பத்தின் தடம். கைரம்பத்தால் அறுத்த பலகையில் கோடுகள் நேராக, ஆனால் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாகவும் கோணல்மாணலாகவும் இருக்கும். வட்ட ரம்பம் அறுத்த பலகையில் வில்போல வளைந்த கோடுகள் தெரியும். கைரம்பத்தின் தடத்தைக் கண்டதும் மகிழ்ந்துவிடக் கூடாது, ஏனெனில் சீனாவில் கையால் அறுப்பது இருபதாம் நூற்றாண்டிலும் நெடுநாள் நீடித்தது. வளைந்த தடம் இருந்தால் மட்டும் அது மிகப் பழையதன்று என்று முடிவுசெய்யலாம். இழைப்புளி ஓடிய பரப்பில் உள்ளங்கையை மெல்ல நகர்த்தினால் அலையலையான மென்மையான பள்ளங்கள் தட்டுப்படும்; இயந்திரம் இழைத்த பரப்பு கண்ணாடிபோல் தட்டையாக இருக்கும்.

திருகாணிகள் காலத்தைச் சொல்வதில் கெட்டிக்காரர்கள். தலையில் சிலுவைபோல் பள்ளம் கொண்ட பிலிப்ஸ் திருகாணி 1930-களின் நடுவில் காப்புரிமை பெற்று அதன் பிறகே பரவியது. முனை கூராக உள்ள திருகாணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இயந்திரத்தில் செய்யப்பட்டது. அதற்கு முந்தியவை முனை மழுங்கியவை. ஒரே ஒரு திருகாணியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது எப்போதோ கீலைச் சரிசெய்தவர் போட்டதாக இருக்கலாம். கழற்றிப் பார்த்து, அதன் கீழே வேறு பழைய துளை இருக்கிறதா, துளையைச் சுற்றி மரம் ஒரே நிறமாகக் கறுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய துளையே இல்லாமல், எல்லா இடத்திலும் ஒரே வகைத் திருகாணி இருந்தால் அதுவே முதல் திருகாணி.

கால்களின் அடியையும் பார்க்க மறக்காதீர்கள். கல் பாவிய தரையில், ஈரத்தில் பல தலைமுறை நின்ற கால் நுனி அரித்து, இழை தனித்தனியாகப் பிரிந்து, கறுத்திருக்கும். நான்கு கால்களும் ஒரே அளவில், ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். உண்மையான தேய்மானம் பயன்பாட்டைப் பின்பற்றும்: நாற்காலியின் கைப்பிடி நுனியிலும், பாதம் வைக்கும் முன் குறுக்குக்கட்டையின் நடுவிலும் அதிகமாகவும், முதுகுப்புறத்தில் குறைவாகவும் இருக்கும்.

மரம்

விற்பவர்கள் எதற்கெடுத்தாலும் 'ரோஸ்வுட்' என்று சொல்வார்கள். சீனர்கள் 'ஹோங்மு', அதாவது 'சிவப்பு மரம்' என்று சொல்லும் தொகுதிக்குள் பல மரங்கள் அடங்கும். நம் தோதகத்தியின் இனமான டால்பெர்ஜியாவும், வேங்கையின் இனமான டெரோகார்ப்பஸும் அவற்றில் முக்கியமானவை. மிங் காலத்துச் சிறந்த நாற்காலிகளுக்குப் பயன்பட்ட ஹுவாங்ஹுவாலி, ஹைனான் தீவில் விளையும் டால்பெர்ஜியா. சிங் அரசவை மிக உயர்வாக மதித்த கருஞ்சிவப்பு ட்சிதான், ஆந்திரத்துச் சேஷாசல மலைகளில் விளையும் நம் செஞ்சந்தனமே என்று இன்றைய சீனத் தரக்கட்டளை வகுக்கிறது. இவ்விரண்டும் வீட்டில் அகப்படுவது மிக அரிது. தோதகத்தி இனத்துக் கருமரம், பர்மாவிலிருந்து போன வேங்கை இன மரம், தேக்கு, கற்பூர மரம், வடசீனத்து எல்ம் ஆகியவையே பெரும்பாலும் கிடைக்கும்.

வேங்கை இனத்தைக் கண்டறிய ஒரு எளிய சோதனை உண்டு. வெளியே தெரியாத அடிப்புறத்திலிருந்து நகக்கண் அளவு மரத்தைச் சுரண்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுச் சில மணி நேரம் விடுங்கள். கறுப்புத் துணியைப் பின்னால் வைத்து வெயிலில் பார்க்கும்போது தண்ணீரின் விளிம்பில் நீலம் பூத்தாற்போல் ஒளிர்ந்தால், அது வேங்கை இனமாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. நான் முதன்முறை இதைப் பார்த்தபோது, வெறும் தண்ணீருக்குள் வானம் இறங்கியதுபோல் இருந்தது. சாயம் பூசிய பரப்பிலிருந்து சுரண்டினால் சோதனை பலிக்காது, உள்மரம் வேண்டும்.

கற்பூரப் பெட்டிகள்

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுபவை இவைதாம் என்பதால் தனியே சொல்கிறேன். இங்கே பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான நிலை உண்டு: பழைய பெட்டிதான் எளிமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறிய கற்பூரமரப் பெட்டிகள் பெரும்பாலும் செதுக்கே இல்லாமல், மூலைகளில் பித்தளைத் தகடு மட்டும் அடித்தவை. சில பெட்டிகள் தோல் போர்த்தி, வண்ணம் தீட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்படி செய்யப்பட்டவை. மூடியிலும் நான்கு பக்கங்களிலும் படகு, கோபுரம், பாலம், மூங்கில் என்று இடம்விடாமல் செதுக்கியவை இருபதாம் நூற்றாண்டின் வேலை. 1949-ஐ ஒட்டி ஷாங்காயிலிருந்து வெளியேறிய கைவினைஞர் பலர் ஹாங்காங்கில் பட்டறை வைத்தனர். 1950-களிலும் 1960-களிலும் கப்பல் ஊழியர்களும் திரும்பிச் செல்லும் குடும்பங்களும் அங்கே இவற்றை வாங்கினர்.

மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாசனை மங்கியிருந்தால் உள்ளே மறைவான ஓரிடத்தில் உப்புத்தாளால் இரண்டு முறை உரசினால் போதும், கற்பூரம் எழும்பும். வெளிப்பலகை தேக்காகவோ வேறு மரமாகவோ இருந்து, உள்ளே மெல்லிய கற்பூரப் பலகையை மட்டும் ஒட்டியிருப்பதும் உண்டு; மூடியின் விளிம்பில் இரண்டு அடுக்கு தெரியும். அடிப்பலகை பிளைவுட்டா என்று பார்க்க, ஓரத்தில் ஏடு ஏடாக இருக்கிறதா என்று விரல்நகத்தால் தடவுங்கள்.

கீலும் பூட்டும் அடுத்த சான்று. பழைய முறையில் பித்தளையைத் தட்டி, ஓரங்களை அரத்தால் ராவி, இரட்டைக் கால் கொண்ட ஊசியால் பலகையை ஊடுருவச் செய்து, உட்புறத்தில் அந்தக் கால்களை இருபுறமும் மடக்குவார்கள். பெட்டியின் உட்புறம் மடங்கிய ஊசிகள் மரத்தில் அழுந்திய தடத்தோடு தெரிந்தால் நல்ல அறிகுறி. தகரம்போல் மெல்லிய, அச்சில் அடித்த தகட்டைச் சிறு ஆணிகளால் அறைந்திருந்தால் அது பிற்காலம்.

இப்போது செதுக்கு

இனி முன்புறத்துக்கு வாருங்கள். கைவேலையா இயந்திர வேலையா என்பதே முதல் கேள்வி. இடப்பக்க மலரையும் வலப்பக்க மலரையும் படம் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். கையால் செதுக்கியவை ஒருபோதும் ஒன்றாக இரா. ஓரிதழ் சற்றுத் தடித்திருக்கும், ஒரு கண் சாய்ந்திருக்கும். பின்னணியின் தாழ்ந்த பரப்பில் உளியின் சிறு வெட்டுகள் தென்படும். இயந்திரம் குடைந்ததில் ஆழம் எங்கும் ஒன்றாகவும், உள்மூலைகள் கூரற்று உருண்டும் இருக்கும். பட்டறைகளில் கையும் இயந்திரமும் சேர்ந்தே வேலை செய்ததும் உண்டு.

உருவங்களின் பொருளை அறிந்துகொள்வது வயதுக்கு உதவாவிட்டாலும், அந்தப் பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதற்கு உதவும். சீன மொழியில் வௌவாலைக் குறிக்கும் சொல்லும் நல்வாழ்வைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலி கொண்டவை. ஆகவே ஐந்து வௌவால்கள் ஐந்து பேறுகள். மான் பதவிக்கும் ஊதியத்துக்கும், குழிப்பேரி எனும் பீச் பழமும் கொக்கும் நீண்ட ஆயுளுக்கும், விதை நிறைந்த மாதுளை மக்கட்பேற்றுக்கும் அடையாளம். 'மகிழ்ச்சி' என்ற எழுத்தை இரட்டையாகச் சேர்த்திருந்தால் அது திருமணச் சீராக வந்திருக்கலாம். மனித உருவங்களின் உடையை வைத்துக் காலத்தைக் கணிக்கவே கூடாது. அவை பெரும்பாலும் நாடகக் காட்சிகள். சிங் காலத்துச் செதுக்குநர் மேடையில் கண்ட பழைய மிங் உடையையே செதுக்கினார்.

பதித்த வெண்துண்டுகள் எலும்பா தந்தமா என்பதை லென்ஸ் வைத்துப் பார்த்தால், எலும்பில் பொடிப்பொடியான கருமையான புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் வலைபோல் தெரியும். தந்தம் என்றால் இந்தியாவில் அதை விற்பது குற்றம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எழுத்தும் ஒட்டுத்தாளும்

இழுப்பறையின் பின்புறத்தில் மையால் எழுதிய ஓரிரு எழுத்துகள் பெரும்பாலும் 'இடம்', 'வலம்', 'மேல்', 'கீழ்' என்ற பொருத்தும் குறிகளே. சீனம் படிக்கத் தெரிந்தவரிடம் படத்தைக் காட்டினால் நிமிடத்தில் சொல்லிவிடுவார். நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், 1891-லிருந்து அமெரிக்கா தன் நாட்டுக்குள் வரும் பொருள்களில் அதைக் கட்டாயமாக்கியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மலாயாவுக்கோ இந்தியாவுக்கோ வந்த பொருளில் அத்தகைய முத்திரை இல்லையென்றால், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சீன மக்கள் குடியரசு எழுத்துகளை எளிமைப்படுத்தும் திட்டத்தை 1956-இல் வெளியிட்டது; அச்சிட்ட ஒட்டுத்தாள் முழுக்க எளிமையாக்கிய எழுத்தில் இருந்தால் அதற்குப் பிந்தியது.

முடிவை எழுதுதல்

கண்டவற்றை ஒரு தாளில் எழுதி, இழுப்பறைக்குள் வையுங்கள். ஒற்றை ஆண்டை எழுதாமல், இன்ன ஆண்டுக்குப் பின், இன்ன ஆண்டுக்கு முன் என்று எழுதுங்கள். என் வீட்டுப் பெட்டிக்கு நான் எழுதியது இது: "வெளியே தேக்கு, உள்ளே கற்பூரப் பலகை. அடி பிளைவுட், மாற்றப்பட்ட தடம் இல்லை. கீலில் எட்டுத் திருகாணிகளும் பிலிப்ஸ், பழைய துளை இல்லை. செதுக்கு கைவேலை, மூடியில் பாலமும் ஏழு மனிதர்களும். சித்தப்பா 1968-இல் திரும்பியபோது கொண்டுவந்தார். ஹாங்காங், 1950-க்கும் 1968-க்கும் இடையில்." இருநூறு ஆண்டு என்று கேட்டு வளர்ந்த எனக்கு அன்று வருத்தம் இல்லை. அந்தப் பாலத்தைச் செதுக்கியவர் என் சித்தப்பாவின் சமகாலத்தவர் என்று தெரிந்தபோது, பெட்டி இன்னும் நெருங்கிவந்தது.

பொருள் உண்மையிலேயே நூறாண்டுக்கு மேற்பட்டது என்று தோன்றினால் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டப்படி, இந்தியாவில் நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறாண்டு ஆகவில்லை என்றால், அதை உறுதிசெய்யும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறலாம். தோதகத்தி இனமான டால்பெர்ஜியா முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளது. ஆகவே அம்மரத்தாலான கனமான மரச்சாமானை வெளிநாட்டுக்கு அனுப்ப அதற்கான அனுமதியும் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கோ மகனுக்கோ அனுப்பும் எண்ணமிருந்தால், மூட்டை கட்டுபவரை அழைப்பதற்கு முன்பே, எடுத்து வைத்த படங்களோடும் எழுதி வைத்த தாளோடும் இந்த இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.